ஒரு ரிசீவர், மூன்று பேரல்: சில சீசன்கள் கழித்து

பழுது பார்க்கப் போயிருந்த என் ரைஃபிளின் .243 பேரல் (குழல்) ஒருவழியாகப் போன வாரம் கைக்கு வந்தது. அதே வாரம் ஹூஸ்டனில் இருக்கும் நண்பர் ஒருவர், "மூணு ரைஃபிள் வாங்குறதுக்கு ஒண்ணு கட்டினா போதும் போலிருக்கே, நானும் கட்டலாமா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது சாவேஜ் 110 வகை ரைஃபிள், ஷார்ட் ஆக்ஷன் (குட்டையான தோட்டாக்களுக்கான இயங்குபகுதி). ரிசீவர் என்ற நடு உடல் ஒன்றுதான், அதில் மாற்றி மாற்றி மாட்ட .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், .243 வின்செஸ்டர் என்று தோட்டா வகைக்கு ஒன்றாக மூன்று பேரல். டெக்சஸ் பண்ணைகளில் பயிரை நாசம் செய்யும் காட்டுப்பன்றிக்கு .308. நவம்பர் மான் சீசனுக்கும் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கும் 6.5. மகளுக்கு .243.

சாவேஜ் ஆக்ஷனை எடுத்ததற்குக் காரணம் அதன் பேரல் நட், அதாவது பேரலை ரிசீவரில் பூட்டும் நட். 1958-ல் வந்த வடிவமைப்பு அது. மற்ற பல போல்ட் ஆக்ஷன்களில் (போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் ரைஃபிள்களில்) பேரலின் தோள் ரிசீவர் முகத்தில் போய் முட்டி நிற்கும். அந்தத் தோளைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவர லேத் வேண்டும். இதில் பேரலை எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ அங்கே நட் பூட்டிக்கொள்ளும். சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) வெட்டி முடித்த பேரலை நேராக வாங்கலாம். மூன்று தோட்டாவுக்கும் ஒரே போல்ட் தலையே போதும், ஏனென்றால் மூன்றுக்கும் அடிப்பாகம் 0.473 அங்குலம். 1888-ன் ஜெர்மன் ராணுவத் தோட்டாவில் தொடங்கிய அளவு இது. 1952-ல் .308 வந்தது, 1955-ல் அதன் கழுத்தைச் சுருக்கி .243 செய்தார்கள், 2007-ல் ஹார்னடி 6.5 கிரீட்மோரை அறிமுகப்படுத்தியது. எல்லாம் அந்த அடிப்பாகத்தையே வைத்துக்கொண்டன. நீளமும் ஷார்ட் ஆக்ஷனுக்குள் அடங்குவதால் மேகசினும் மாற வேண்டாம்.

இந்த ரைஃபிளில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் ட்ரிகர்தான். கட்டும்போது இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. பேரல் எதுவானாலும் விரல் தொடும் ட்ரிகர் ஒன்று, கன்னம் படியும் ஸ்டாக் ஒன்று, போல்ட் கைப்பிடி ஒன்று. பல வருடம் ஒரே பேட்டில் ஆடியவனுக்குப் பந்து பேட்டில் எங்கே படும் என்று கைக்கே தெரியும் இல்லையா, அப்படி ஆகிவிட்டது. ரேஞ்சில் 6.5 வைத்துப் பழகுவது முழுக்க, பன்றிக்காக .308 மாட்டும்போது அப்படியே கூட வருகிறது. மகளுக்கு இது இன்னும் நல்லதாகப் போனது. .243-ன் உதை .308-ல் ஏறக்குறைய பாதிதான். பயமில்லாமல் அதில் பழகினாள். பிறகு 6.5 மாட்டிக் கொடுத்தபோது புதுத் துப்பாக்கி என்ற தயக்கமே அவளிடம் இல்லை. மூன்று தனித்தனி ரைஃபிள் வாங்கியிருந்தால் இது கிடைத்திருக்காது.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். ஜீரோ, அதாவது ஸ்கோப் காட்டும் புள்ளியிலேயே குண்டு விழும்படி சரி செய்து வைப்பது.

ஸ்கோப் உட்கார்ந்திருப்பது ரிசீவரின் மேல். கழற்றுவது பேரலை. ஒவ்வொரு பேரலின் துளையும் ரிசீவரோடு சேரும் கோணம் மயிரிழை வேறுபடும். குண்டின் எடை வேறு, வேகம் வேறு, பேரல் அதிரும் விதமும் வேறு. .308-க்குச் சரி செய்த ஸ்கோப்போடு 6.5-ஐ மாட்டினால் 100 கஜத்தில் ஒரு கையகலம் தள்ளித்தான் விழும். அந்தப் பேரல் தன் பழைய இடத்துக்குப் பக்கத்திலாவது திரும்பி வரும் என்பது உண்மை. ஸ்கோப்பின் திருகை எவ்வளவு கிளிக் திருப்ப வேண்டும் என்று நோட்டில் குறித்தே வைத்திருக்கிறேன். ஆனால் பக்கத்தில் வருகிறது என்ற நம்பிக்கையில் ஒரு உயிரை நோக்கிச் சுடக் கூடாது. அடிபட்ட மான் புதருக்குள் ஓடி மாலை முழுக்கத் துடிப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் இதில் சமரசம் செய்ய மாட்டார்கள். ஆகவே பேரல் மாற்றும்போதெல்லாம் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பார்த்தே ஆக வேண்டும். 20 தோட்டா உள்ள நல்ல வேட்டைத் தோட்டாப் பெட்டி நாற்பது டாலர் பக்கம் ஆகிறது. காசைவிட நேரம்தான் வலிக்கிறது. வெள்ளி மாலை பண்ணைக்காரர் கூப்பிட்டு, "பன்றி இறங்கிடுச்சு, வா" என்று சொன்னால், அந்த நேரம் ரைஃபிளில் எந்தப் பேரல் இருக்கிறதோ அதுதான் என் கதி.

ப்ளேசர் ஆர்8 இதைச் சரியாக யோசித்திருக்கிறது. 2008-ல் வந்த அந்த ஜெர்மன் ரைஃபிளில் ஸ்கோப் மவுண்ட் பேரலின் மேலேயே உட்காரும். பேரலோடு ஸ்கோப்பும் ஜீரோவும் சேர்ந்து போய்ச் சேர்ந்து வரும். ஆனால் விலை ஆயிரக்கணக்கான டாலர். என்னுடையதில் அந்த வழி இல்லை. .243-க்கு மட்டும் கழற்றி மாட்டும் மவுண்டில் தனி ஸ்கோப் வைத்தேன். தொல்லை குறைந்தது, போகவில்லை. பேரலுக்கு ஒரு ஸ்கோப் என்று ஆரம்பித்தால் மிச்சம் பிடிக்கிற கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சேம்பர் வெட்டிய நல்ல பேரல் ஒன்றின் விலை இன்று ஏறத்தாழ ஒரு சாதாரண முழு ரைஃபிளின் விலை. நானூறு ஐந்நூறு டாலருக்கு ரூகர் அமெரிக்கனோ சாவேஜ் ஆக்சிஸோ ட்ரிகர், ஸ்டாக் எல்லாமாகவே கிடைக்கிறது.

அடுத்தது ஹெட்ஸ்பேஸ். போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் தோள் சேம்பரில் நிற்கும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரம். .308-க்கு அதை அளந்து பார்க்கும் 'கோ' கேஜ் 1.630 அங்குலம், 'நோ-கோ' 1.634. நடுவில் இருப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு. முதல் கேஜில் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதில் மூடக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்திலும் இதைப் பார்த்தே தீர வேண்டும். முகத்துக்கு முன்னால் வெடிக்கிற பொருள் இது, 'போன தடவை சரியா இருந்துச்சே' என்பது பதிலே அல்ல. அந்தப் பொறுமை இல்லாதவர்கள் பேரலைக் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி மெக்கானிக்கிடம்) கொடுத்து மாற்றிக்கொள்ளட்டும்.

தோட்டாக் குழப்பத்தைப் பற்றியும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் மூன்று பேரலும் ஒரே ரைஃபிள். .243 பேரலில் .308 தோட்டா போகாது, நல்லது. ஆனால் .308 பேரலில் .243 தோட்டா போய் உட்கார்ந்துவிட வாய்ப்பு இருக்கிறது. அதனால் பேரலுக்கு ஒரு நிற டேப், அதே நிறம் தோட்டாப் பெட்டியிலும். ரேஞ்சுக்கு ஒரே ஒரு வகைத் தோட்டாதான் எடுத்துப் போவோம். மகளிடம் நான் கண்டிப்பாக இருக்கும் விதிகளில் இது முதலாவது.

இனி அந்த .243 பேரல். வாங்கிய நாளிலிருந்தே சுட்ட பிறகு போல்ட்டைத் தூக்குவது கஷ்டமாக இருந்தது, பித்தளைக் கூட்டில் கீறல் விழுந்தது. விற்ற கடை முதலில் என் தோட்டாமேல் பழி போட்டது. வேறு இரண்டு தயாரிப்புத் தோட்டாக்களில் சுட்ட கூடுகளைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு பதிலே வரவில்லை. கடைசியில் உள்ளூர் மெஷினிஸ்ட் ஒருவர் சேம்பரைப் பார்த்துவிட்டு, அதை வெட்டிய ரீமர் என்ற கருவி விட்ட தடம் அப்படியே இருக்கிறது என்றார். மெருகேற்றிக் கொடுத்தார். இப்போது பேரல் அருமையாகச் சுடுகிறது. இரும்பில் குறை இல்லை, வெட்டியவர் அவசரப்பட்டிருக்கிறார். ஆனால் அதற்குள் மகளின் மான் சீசன் ஒன்று முடிந்துபோனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 6.5 கிரீட்மோர் பேரல் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் தோட்டாவுக்குள் தேயும் என்பார்கள், .308 அதைப் போல இரண்டு மடங்கு தாங்கும். தேய்ந்ததும் ரைஃபிளையே கழிக்காமல் பேரலை மட்டும் மாற்ற முடிவது பெரிய வசதி. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் துப்பாக்கி என்று கணக்கில் வருவது வரிசை எண் உள்ள ரிசீவர்தான். ரைஃபிள் பேரல் 16 அங்குலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும், அது தபாலில் வீட்டுக்கே வந்துவிடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நண்பருக்கு என் பதில்: கட்ட வேண்டாம். 6.5 கிரீட்மோரில் நல்ல ரைஃபிள் ஒன்று வாங்குங்கள், நல்ல ஸ்கோப் மாட்டுங்கள், ஒருமுறை ஜீரோ செய்துவிட்டு அதைத் தொடாதீர்கள். டெக்சஸ் மானுக்கும் பன்றிக்கும் அது தாராளம். உங்கள் பையனுக்கு இன்னும் உதை குறைவாக வேண்டும் என்றால் .243-ல் இன்னொரு ரைஃபிள் வாங்குங்கள், இரண்டுக்கும் ஒரே கம்பெனி ட்ரிகராகப் பார்த்து. எப்படியும் கட்டத்தான் போகிறீர்கள் என்றால் .308-ம் .243-ம் மட்டும். பேரலைக் கையில் வாங்கியதும் சேம்பருக்குள் போர்ஸ்கோப் (உள்ளே பார்க்கும் குட்டிக் கேமரா) விட்டுப் பார்க்காமல் கடைக்காரருக்குச் சரி என்று சொல்லாதீர்கள்.