மாசி மக ஆய்வை எங்கே வெளியிடுவது: ஆங்கில ஆய்விதழா, தமிழ் நூலா?

கடலூர் தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் நடக்கும் மாசி மகத் தீர்த்தவாரியை, அதாவது கோயில் சாமிகள் கடற்கரைக்கு வந்து நீராடும் விழாவை, பற்றிய என் ஆய்வு தமிழ் நூலாக வெளிவந்த பிறகு, கோயில் திருவிழாக்களை ஆராயும் இளையவர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இதை ஏன் ஆங்கில ஆய்விதழுக்கு அனுப்பவில்லை? நியாயமான கேள்வி. என் முன் நான்கு வழிகள் இருந்தன: ஆங்கில ஆய்விதழ், புதுச்சேரி ஆய்வு நிறுவனங்களின் நூல் வரிசை, தமிழ்ப் பதிப்பகம், சொந்தச் செலவில் அச்சிடுவது. நான் தமிழ்ப் பதிப்பகத்தைத் தேர்ந்தேன். இன்று யார் கேட்டாலும், நடப்பு வழிபாட்டைப் பற்றிய ஆய்வு என்றால், அதையே சொல்வேன்.

ஆங்கிலத்தில் எழுதினால் பல நாட்டு அறிஞர்கள் படிப்பார்கள், தமிழில் எழுதினால் நம்மவர்கள் படிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கல்லூரி வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஆய்விதழ்க் கட்டுரை வேண்டியிருக்கிறது என்பதிலும் வாதம் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். ஏற்கத்தக்க இதழ்களைப் பட்டியலிட்டுவந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. இதழின் தரத்தை இனி நாமும் நம் கல்லூரியும்தான் எடைபோட வேண்டும். பணம் கட்டியதும் சில நாட்களில் “மதிப்பீடு முடிந்தது” என்று கடிதம் அனுப்பும் இதழ்களின் பக்கமே போகாதீர்கள்.

நிறுவனங்களின் நூல் வரிசை தனி உயரம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1955இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே காரைக்கால் அம்மையாரின் பாடல்களைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வெளியிட்டது. என்.ஆர். பட் பதிப்பித்த ரௌரவாகமம் என்ற சைவ ஆகம நூலும் தி.வே. கோபாலையரின் தேவாரப் பதிப்பும் அங்கிருந்து வந்தவையே. பிரெஞ்சு நிறுவனத்திலும் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியிலும் உள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. சுவடிகளை ஒப்பிட்டு, அவற்றின் வாசகங்கள் வேறுபடும் இடங்களை (பாடபேதம்) காட்டிப் பதிப்பிக்கும் வேலை உங்களுடையது என்றால், யோசிக்காமல் அந்தக் கதவைத் தட்டுங்கள். நான் அங்கே நூலகத்தில் உட்கார்ந்து படித்தவன். நூல் வெளியிட்டவன் இல்லை. ஆகவே தேர்வு முறை, காத்திருக்கும் காலம் பற்றியெல்லாம் அங்கே வெளியிட்டவர்களிடம் கேட்பதே நல்லது.

இனி ஆங்கில ஆய்விதழ். தீர்த்தவாரியைப் பற்றி முன்பு அப்படி ஓர் இதழில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். அதனால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மையைச் சொல்லியாக வேண்டும். இதழுக்காகக் கட்டுரையைப் படித்துப் பார்த்த, பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர், கரையில் எந்தச் சாமியின் பந்தல் எங்கே அமைய வேண்டும் என்பதைக் கோயில்கள் முடிவுசெய்கின்றனவா, மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து முடிவுசெய்கிறதா என்று கேட்டிருந்தார். கரையைப் பார்க்காத ஒருவர் கேட்ட அந்தக் கேள்விதான் பிறகு என் நூலில் ஓர் இயலாக விரிந்தது. தமிழ்ப் பதிப்புலகில் இப்படி வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்பவர் கிடைப்பது அரிது. அந்தக் குறையை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். நான் கையெழுத்துப் படியைக் கல்வெட்டு படித்த ஒருவரிடமும், கரையோர ஊர்ப் பெரியவர் ஒருவரிடமும் கொடுத்துக் கருத்துக் கேட்ட பிறகே அச்சுக்கு அனுப்பினேன்.

அப்படியானால் ஏன் இதழ் வேண்டாம் என்கிறேன்? காரணம் ஒன்றே ஒன்று: உரிமை. சந்தா கட்டிப் படிக்கும் இதழ்கள் பலவும் கட்டுரையை ஏற்றதும் பதிப்புரிமையை எழுதி வாங்கிக்கொள்கின்றன. அதன்பின் அச்சான வடிவத்தை நாம் நம் விருப்பத்துக்குப் பொதுவில் வைக்க முடியாது. எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட வேண்டுமென்றால், பெரிய பதிப்பகங்கள் கேட்கும் கட்டணம் நம் ஊர் ஆசிரியரின் பல மாதச் சம்பளம். பல்லக்கு வரும் வழியையும் சாமி தங்கிப் பூசை ஏற்கும் மண்டகப்படிகளின் விவரங்களையும் எனக்குச் சொன்ன பெரியவர் அந்தக் கட்டுரையைக் கேட்டபோது, திருத்தத்துக்கு முந்தைய என் தட்டச்சுப் படியைத்தான் கொடுக்க முடிந்தது. அவர் சொன்னதை அவருக்கே காட்ட இன்னொருவரின் அனுமதி வேண்டியிருந்தது. அது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

இது உணர்ச்சி சார்ந்த விஷயம் மட்டுமன்று, ஆய்வின் சரிதவறு சார்ந்தது. தாமிரப் பட்டயத்தில் பொறித்த வாசகம் மாறாது. திருவிழா ஆண்டுக்கு ஆண்டு மாறும். உபயதாரர் குடும்பம் ஊரைவிட்டுப் போகும், பாலம் கட்டினால் பல்லக்கின் வழி திரும்பும், முதல் மரியாதை கைமாறும். என் நூல் வந்த பிறகு தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவர் அதில் ஒரு பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, இரண்டு அம்மன்கள் கரைக்கு வரும் வரிசையைச் சுட்டிக்காட்டினார். நான் எழுதியது, ஊரில் ஒரு துக்கம் நேர்ந்ததால் வரிசை மாறிய ஆண்டின் நிலவரம் என்றார். அவர் தந்தை நீலக்கோடு போட்ட கணக்கு நோட்டில், எந்தச் சாமி எந்த நேரத்துக்கு வந்தது, யார் தேங்காய் உடைத்தார்கள் என்று ஆண்டுவாரியாகக் குறித்துவைத்திருந்தார். தமிழில் அச்சாகி ஊர்க் கடையில் கிடைத்ததால்தான் அந்த நோட்டு வெளியே வந்தது. அடுத்த அச்சில் அந்தப் பக்கம் திருத்தப்பட்டது. ஆய்விதழாக இருந்தால் ஆசிரியர் குழு ஒப்புக்கொண்ட பிறகு தனியாக ஒரு பிழைதிருத்தக் குறிப்பு வரும். கட்டுரையைப் படிப்பவர் அதையும் தேடிப் பார்ப்பார் என்று நம்ப வேண்டியதுதான்.

தமிழ்ப் பதிப்பகத்திலும் உரிமை தானாக நம் கையில் தங்கிவிடாது. வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எழுதி வாங்குங்கள். உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் நம் பதிப்புரிமைச் சட்டப்படி செல்லும். அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு ஆசிரியருக்குப் பெரிய துணை. காலம் குறிப்பிடாமல் உரிமையைக் கொடுத்தால் 5 ஆண்டுகளுக்குக் கொடுத்ததாகவே கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதபோது, பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது போய்விடும். ஆகவே எத்தனை படி, எத்தனை ஆண்டு, மின்வடிவம் யாருக்கு என்ற மூன்றையும் நான் எழுத வைத்தேன். மின்வடிவ உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. பதிப்பாளர் முதலில் தயங்கினார். அச்சுப் படிகள் ஓரளவு விற்ற பிறகு பொதுவில் வைக்கிறேன் என்றதும் ஒப்புக்கொண்டார்.

சொன்னபடி, பின்னர் பிடிஎஃப் கோப்பை ஜெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் வைத்தேன். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் அந்தத் தளத்தில் கட்டணம் இல்லை. ஒவ்வொரு திருத்தப் பதிப்புக்கும் தனி டிஓஐ எண் (மாறாத இணைய அடையாள எண்) கிடைக்கும், பழையதும் அழியாமல் இருக்கும். அச்சு நூலுக்கு வேறொரு காப்பும் உண்டு. 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் பதிப்பாளர் படிகள் அனுப்பியாக வேண்டும். அனுப்பினாரா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சொந்தச் செலவில் அச்சிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐஎஸ்பிஎன் எண் இலவசமாகக் கிடைக்கும், உரிமை முழுவதும் நமக்கே. விற்பனைக்கு ஆள் இல்லாமல் கட்டுகள் வீட்டுப் பரணில் ஏறிவிடும்.

தமிழ் நூலின் பலவீனம் வெளிநாட்டு ஆய்வாளர் கண்ணில் படாமல் போவது. அதற்கு நான் செய்த ஏற்பாடு சிறியது: நூலின் இறுதியில் சில பக்க ஆங்கிலச் சுருக்கமும், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் விரிவான சொல்லடைவும் சேர்த்தேன். நம் ஆய்வு நூல்கள் பலவற்றில் சொல்லடைவே இருப்பதில்லை. அடுத்து ஆராய வருபவருக்கு அது பெரும் அநியாயம். மேற்கோள் காட்டுவோர் எண்ணிக்கை இதனால் கூடுமா என்று சொல்ல எனக்கு இன்னும் போதிய காலம் ஆகவில்லை. பொதுவில் வைப்பதிலும் ஒரு கட்டுப்பாடு தேவை. முதல் மரியாதை பற்றி வழக்கு நடக்கும் ஊர்களில், சொன்னவரின் அடையாளம் தெரியும் குறிப்புகளை நான் நூலிலும் சேர்க்கவில்லை, மின்வடிவிலும் சேர்க்கவில்லை.

பந்தல் வரிசையை யார் முடிவுசெய்கிறார்கள் என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்து, இப்போது ஆங்கிலத்தில் கட்டுரையாக எழுதிவருகிறேன். நூலின் உரிமை என்னிடம் இருப்பதால் அதிலிருந்து எடுத்தாள யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கட்டணமும் வாங்காமல், உரிமையையும் எழுதி வாங்காமல் வெளியிடும் இதழ்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குத்தான் அனுப்புவேன். நோட்டுப் பக்கங்களின் படங்களை இந்தக் கட்டுரையில் மட்டும் அச்சிட அனுமதி கொடுப்பேன். ஏனென்றால் நோட்டு அந்தத் தேவனாம்பட்டினத்துக் குடும்பத்தினுடையது, என்னுடையது அன்று.