பெண்கள் பெட்டியும் பக்கத்துப் பெட்டியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்தப் பெரிய அங்காடிக்குப் போனாலும் ரேசர்கள் சாதி பிரிந்துதான் தொங்குகின்றன. ஒரு பக்கம் இளஞ்சிவப்பு, ஊதா, பூ, நீர்த்துளி. மறுபக்கம் கறுப்பு, எஃகு நிறம், பந்தயக் காருக்கு வைக்க வேண்டிய பெயர்கள். நம் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வீட்டுச் சாமான் வாங்கும் பொறுப்பு இன்னும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் இருக்கிறது. தனக்கும் கணவனுக்கும் சேர்த்து இரண்டையும் கூடையில் போடுபவள் அவளே என்பதால், இந்த இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியவளும் அவள்தான்.

ரேசரிலிருந்தே தொடங்கலாம். இதில் வேறுபாடு முழுப் பொய் அல்ல. பெண்கள் ரேசரின் தலை அகலமானது, ஓரம் வளைந்தது. முழங்காலிலும் கையிடுக்கிலும் வெட்டாமல் திரும்பும். கைப்பிடி தடிமனாக இருப்பதால் சோப்பு நுரையில் வழுக்காது. ஆண்கள் ரேசரின் தலை மூக்குக்குக் கீழே நுழைய வேண்டியிருப்பதால் குறுகல். ஆனால் அலகு, அதாவது வெட்டும் பிளேடு, இரண்டிலும் எஃகுதான். அதற்குப் பால் வேறுபாடு கிடையாது. விலை பார்க்கும்போது பெட்டியின் விலையைப் பார்த்துப் பயனில்லை. அட்டைகள் ஒரே அளவில் இருந்தாலும் உள்ளே இருக்கும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. எத்தனை அலகு என்று எண்ணி வகுத்துப் பாருங்கள். நியூயார்க் நகரத்தின் நுகர்வோர் துறை 2015 டிசம்பரில் 794 பொருட்களை இப்படி இணை இணையாக வைத்து விலை பார்த்தது. பெண்களுக்கானவை சராசரியாக 7 சதவீதம் அதிக விலை. உடல் பராமரிப்புப் பொருட்களை மட்டும் எடுத்தால் 13 சதவீதம். ரேசர் அலகுகளுக்கு 11, தலைமுடிப் பராமரிப்புக்கு 48. அது அமெரிக்கக் கணக்கு, டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்கு அப்படியே பொருந்தாது. கணக்குப் போடும் முறை பொருந்தும்.

என் தீர்ப்பு: அலகுக்கு அலகு விலை ஏறக்குறைய ஒன்றென்றால் பெண்கள் ரேசர், இடைவெளி தெரிகிற அளவுக்கு இருந்தால் ஆண்கள் ரேசர். பொறுமை உள்ளவர்களுக்கு, தாத்தா காலத்து இரட்டை முனை பிளேடு இரண்டையும் விலையில் தோற்கடிக்கும். இந்தப் பொருளுக்கு ஒரு பூர்விகமும் உண்டு. ஜில்லெட் நிறுவனம் பெண்களுக்கென்று முதல் ரேசரை 1915இல் இறக்கியது. கையில்லாத சட்டைகள் நாகரிகமாக வந்த காலம் அது. அதுவரை யாரும் கவலைப்படாத கையிடுக்கு முடியை முதலில் வெட்கமாக மாற்றினார்கள், பிறகு வெட்கத்துக்கு மருந்து விற்றார்கள். மற்ற அலமாரிகளிலும் இதே வித்தைதான்.

டியோடரன்டில் நிலைமை வேறு. இங்கே நான் தயங்காமல் சொல்வேன், பெண்கள் புட்டிக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். இரண்டு ரோல்-ஆன் புட்டிகளைத் திருப்பி, பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். வேர்வையைக் குறைக்கும் வகை என்றால் இரண்டிலும் பெரும்பாலும் ஏதோ ஒரு அலுமினிய உப்பு, பல புட்டிகளில் அலுமினியம் குளோரோஹைட்ரேட், இருக்கும். வேர்வைச் சுரப்பியின் வாயைத் தற்காலிகமாக அடைப்பது அதுதான். மீதி வாசனை: ஒன்றில் மல்லிகை, மற்றதில் மரமும் மசாலாவும். தைப்பூசக் காவடி நாளில் டர்பன் வெயிலும் கடல் ஈரமும் சேர்ந்து வாட்டும்போது சுரப்பிகள் லேபிளைப் படித்துவிட்டு வேலை செய்வதில்லை. உண்மையில் கவனிக்க வேண்டிய பிரிவு வேறொன்று: வேர்வையைக் குறைப்பது ஒன்று, நாற்றத்தை மட்டும் மறைப்பது இன்னொன்று. அந்தத் தகவல் புட்டியின் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கிறது, ‘அவளுக்காக’ என்பது மட்டும் நடுவில் பெரிதாக.

வலி மாத்திரையில் இந்த விளையாட்டு அம்பலமானது. ஆஸ்திரேலியாவில் ரெக்கிட் பென்கீசர் நிறுவனம் நியூரோஃபென் என்ற பெயரில் முதுகுவலிக்கு ஒன்று, ஒற்றைத் தலைவலிக்கு ஒன்று, மாதவிடாய் வலிக்கு ஒன்று என்று தனித்தனிப் பெட்டிகள் விற்றது. எல்லாவற்றிலும் ஒரே மருந்து, ஒரே அளவு: 342 மில்லிகிராம் இபுப்ரோஃபென் லைசின். மாதவிடாய் வலி மாத்திரைக்கு எது முதுகு, எது கருப்பை என்று தெரியாது. 2016இல் நீதிமன்றம் முதலில் 17 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது, மேல்முறையீட்டில் அது 60 லட்சமானது. ஆகவே மருந்துக்கடையில் இளஞ்சிவப்பு மாத்திரைப் பெட்டியைப் பார்த்தால், சாதாரண இபுப்ரோஃபென் பெட்டியைக் கேட்டு வாங்கி, மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிடுங்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்த நிறப் பெட்டியானாலும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

முகக் களிம்பு பற்றிப் பேசாமல் நம் சமூகத்தில் இந்தப் பேச்சு முடியாது. பெண் பார்க்க வருபவர்கள் நிறம் கேட்பார்கள் என்ற பயம் நம் முன்னோரோடு கப்பலேறி நட்டாலுக்கு வந்து 160 ஆண்டுகளுக்கு மேலாகியும் நம்மை விட்டு இறங்கவில்லை. அதன் மேல்தான் வெளுப்புக் களிம்பு வியாபாரம் நடக்கிறது. தென்னாப்பிரிக்கா இதில் உலகுக்கே முன்னோடியாக இருந்தது: 1990களின் தொடக்கத்திலேயே அழகுக் களிம்புகளில் தோலை வெளுக்கவைக்கும் ரசாயனமான ஹைட்ரோகுவினோனைத் தடை செய்தது, வெளுப்பாக்கும் என்று லேபிளில் சொல்லவும் தடை விதித்தது. வெளுக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பூசிய முகங்களில் நீலங்கலந்த கருந்திட்டுகள் படிந்து, போக மறுத்ததை மருத்துவர்கள் பார்த்திருந்தார்கள். தடை வந்த பிறகும் கள்ளச் சரக்கு ஓயவில்லை. சட்டப்படி வருபவையோ ‘பொலிவு’, ‘ஒளிர்வு’ என்று பேச்சை மாற்றிக்கொண்டன. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரையே க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றியது. ஆண்களை விட்டுவிட்டார்களா என்றால் இல்லை, 2005லேயே அவர்களுக்கும் இந்தியாவில் தனிக் களிம்பு வந்தது. விளம்பரத்தில் பெண் வெளுத்தால் மாப்பிள்ளை அமைவான், ஆண் வெளுத்தால் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க என்ன இருக்கிறது? எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் வாசலின், வெயிலுக்கு ஒரு சன்ஸ்கிரீன், உதட்டு வெடிப்புக்கு எல்லார் வீட்டிலும் இருக்கும் பச்சை ஜாம்-பக் டப்பா. அந்த டப்பாவை தாத்தாவும் பேத்தியும் ஒரே விரலால் தொடுகிறார்கள். அதை யாரும் ஆண் டப்பா, பெண் டப்பா என்று பிரிக்கவில்லை, குறையும் சொல்லவில்லை.

பேனாவைப் பற்றி இரண்டு வரி போதும். பிக் நிறுவனம் பெண்களுக்கென்று பேனா இறக்கி 2012இல் ஊர் சிரித்தது. 2015 ஆகஸ்டில் அதன் தென்னாப்பிரிக்கக் கிளை, பெண்கள் தின வாழ்த்தாக, சிறுமிபோல் தோற்றமளி, சீமாட்டிபோல் நடந்துகொள், ஆண்போல் சிந்தி, முதலாளிபோல் உழை என்று படம் போட்டு, திட்டு வாங்கி, மன்னிப்புக் கேட்டது. 1956 ஆகஸ்ட் 9 அன்று கறுப்பின மக்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நடமாடக் கூடாது என்ற பாஸ் சட்டங்களை எதிர்த்து ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியா அரசு மாளிகைக்கு நடந்ததன் நினைவுநாள் அது. அவர்கள் யாரைப்போல் சிந்தித்தார்கள் என்று கேட்டிருக்கலாம்.

தென்னாப்பிரிக்கச் சட்டம் உதவுமா? சானிட்டரி நாப்கினுக்கு உதவியது: 2019 ஏப்ரல் 1 முதல் அதற்கு 15 சதவீத வாட் வரி இல்லை. விளம்பர நெறிமுறையும் பால் சார்ந்த வார்ப்புப் படிமங்களை நியாயமான காரணம் இன்றி அனுமதிப்பதில்லை. விலையில்தான் ஓட்டை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பாலினம் காரணமாக ஒருவரிடம் நியாயமற்ற வேறு விலை வாங்குவதைத் தடுக்கிறது. ஆனால் காசாளர் நீங்கள் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை, பெட்டியின் விலையைத்தான் அடிக்கிறார். யாரும் எதையும் எடுக்கலாம் என்று கடை கையை விரித்துவிடும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் பொருளையே பார்க்கிறது: 2023 ஜனவரி 1 முதல், ஏறத்தாழ ஒரே மாதிரியான இரு பொருட்களுக்கு, யாருக்காக விற்கிறோம் என்பதை வைத்து வேறு விலை போடக் கூடாது. இந்த இரண்டில் எது கூர்மை என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி, பெண்கள் பெட்டி ஜெயிக்கும் இடம். வைட்டமின் மாத்திரை. 19 முதல் 50 வயதுப் பெண்ணுக்கு நாளைக்கு 18 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும், ஆணுக்கு 8 போதும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. மாதவிடாய்தான் காரணம். ஆண்கள் புட்டிகள் பலவற்றில் இரும்பே கிடையாது. ஆகவே இளம்பெண் கணவனின் புட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வது சிக்கனம் அல்ல. அதே நேரம், மாதவிடாய் நின்ற அம்மாவுக்கும் 8 தான். அறுபது வயதுக்காரருக்கு மகளின் புட்டி தேவையில்லை. இங்கே பார்க்க வேண்டியது வயதை. புட்டியிலோ பூ மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

காலணியில்தான் எனக்குக் கோபம் அதிகம். பெண்ணின் பாதம் ஆணின் பாதத்தின் சிறிய அச்சு அல்ல. முன்பாதத்தோடு ஒப்பிட்டால் குதிகால் ஒடுங்கியது. ஓட்டக் காலணிக்கும் தொழிற்சாலைப் பாதுகாப்புக் காலணிக்கும் தனி அச்சு உண்மையாகவே வேண்டும். ஆனால் இங்கேதான் நிறுவனங்கள் சோம்பேறித்தனம் காட்டுகின்றன. ஆண்கள் அச்சையே சுருக்கி, ஓரத்தில் இளஞ்சிவப்புக் கோடு இழுத்து அனுப்புகின்றன. பெண்கள் அளவில் பாதுகாப்புக் காலணி இருக்கிறதா என்று ஒரு கடையில் கேட்டபோது, “அக்கா, பிங்க் லேஸ் போட்டது இருக்கிறது” என்று எடுத்துவந்தார் விற்பனையாளர். லேஸ் பொருந்தியது, குதிகால் கழன்றது. வாங்குவதற்கு முன் முழுக்கக் கட்டிக்கொண்டு, கடையின் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள். குதிகால் உள்ளே எழும்பினால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது ஆண்கள் காலணி.