ஓப்பன் ஃபைலைக் கொடுத்து நான் ஏமாந்த கதை: புத்தக வடிவமைப்பாளர்கள் கவனத்திற்கு

புத்தகங்களுக்கு அட்டையும் உள்பக்கமும் வடிவமைத்துப் பிழைப்பவர்கள், குறிப்பாக இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள், ஒரு பதிப்பகத்திடம் நான் ஏமாந்த விதத்தை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒருவரிடம் மட்டும் கவனமாக இருப்பீர்கள். அதே பேச்சைப் பேசுகிற வேறொருவர் நாளைக்கே உங்களை அழைக்கக்கூடும்.

முதல் தொலைபேசி அழைப்பிலேயே அந்தப் பதிப்பாளர், "தம்பி, வரிசையா பத்துப் புத்தகம் இருக்கு, எல்லாம் உங்களுக்குத்தான்" என்றார். அந்தப் பத்தின் ஆசையில், பக்கத்துக்கு இவ்வளவு என்று வழக்கமாக வாங்கும் தொகையைக் குறைத்துக்கொண்டேன். முன்பணம் கேட்கக் கூச்சமாக இருந்தது; அவர் சொன்ன எதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளவும் இல்லை. பின்னால் நடந்தவை அனைத்துக்கும் வழிவிட்டது அந்த ஒரு மாலைப் பேச்சுதான்.

முதலில் வந்தது ஒரு தன்வரலாறு. கையெழுத்துப் படி பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அதை யூனிகோடுக்கு மாற்றியபோது, கால் போட வேண்டிய இடத்தில் ரகரமும், ஔகாரம் வர வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்துத் தட்டப்பட்டிருப்பது நூற்றுக்கணக்கான இடங்களில் வெளிப்பட்டது. பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும் இந்தப் பிழைகளைத் தேடித் திருத்துவது மெய்ப்புப் பார்ப்பவரின் வேலையா, வடிவமைப்பாளரின் வேலையா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நானே உட்கார்ந்து திருத்தினேன். அட்டைக்கு மூன்று மாதிரிகள் கேட்டார், கொடுத்தேன். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மற்ற இரண்டும் தம்மிடமே இருக்கட்டும் என்றார். அப்போது அதில் எனக்கு எந்த விகற்பமும் தோன்றவில்லை.

இறுதிப் பிரதி என்ற பெயரில் உரை மூன்று முறை வந்தது. முதல் முறை புத்தகம் 240 பக்கத்தில், சரியாக 15 பாரத்தில் (ஒரு பாரம் என்பது சேர்ந்து அச்சாகும் 16 பக்கம்) அடங்கியது. பிறகு முன்னுரை ஒன்றும் அடிக்குறிப்புகளும் சேர்ந்து 272 பக்கமாக, 17 பாரமாக வளர்ந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது முப்பத்திரண்டு பக்கக் கூடுதல், அவ்வளவுதான். வடிவமைப்பவருக்கோ பக்க எண்களும் உள்ளடக்கப் பட்டியலும் மாறுவதோடு புத்தகத்தின் முதுகும் மாறிவிடுகிறது. தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. என்று கொண்டால், 120 தாள்கள் கொண்ட புத்தகத்தின் முதுகு 12 மி.மீ.; 136 தாள்களுக்கு அது 13.6 மி.மீ. ஆகிவிடும். முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் ஒரே விரிப்பாக அச்சாவதால், முதுகு ஒன்றரை மில்லிமீட்டர் கூடினாலும் விரிப்பு முழுவதையும் மறுபடி அமைக்க வேண்டும். இவை எவற்றுக்கும் நான் தனியே கணக்கு எழுதவில்லை. பத்துப் புத்தகம் வரப்போகிறதே என்ற நினைப்பு.

அச்சுக்குப் போகும் நாளுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு மேல் அழைத்தார். கடைசி நேரத்தில் நான்கு சொற்களை மாற்ற வேண்டியிருப்பதாகவும், என்னைத் தொந்தரவு செய்ய விரும்பாமல் தம் அலுவலகத்திலேயே மாற்றிக்கொள்வதாகவும், ஓப்பன் ஃபைலை, அதாவது திருத்தக்கூடிய மூலக் கோப்பை, மட்டும் அனுப்பினால் போதும் என்றும் சொன்னார். பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் பேக்கேஜ் செய்து, அதாவது எழுத்துருக்கள், படங்கள் எல்லாவற்றையும் கோப்போடு ஒன்றாகத் திரட்டி, அனுப்பிவிட்டேன். பேக்கேஜ் செய்யும்போது எழுத்துருவின் உரிமம் பற்றி மென்பொருளே ஓர் எச்சரிக்கையைக் காட்டும்; அதைப் படிக்காமல் 'சரி' என்பதை அழுத்துவது நம்மில் பலரின் வழக்கம். என் பெயரில் விலை கொடுத்து வாங்கிய எழுத்துருவை இன்னொருவருக்குக் கொடுத்தது என் தவறுதான், அதை மறைக்க விரும்பவில்லை.

ஓப்பன் ஃபைலைக் கொடுப்பதில் என்ன போய்விடுகிறது என்று புதியவர்கள் கேட்பதுண்டு. அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பை வைத்து அந்த ஒரு புத்தகத்தை மட்டுமே அச்சடிக்க முடியும். ஓப்பன் ஃபைலில் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான அமைப்பைக் கொண்ட மாஸ்டர் பேஜ், பத்திகளின் எழுத்துரு, அளவு, இடைவெளி ஆகியவற்றைச் சேர்த்துவைத்த பாராகிராஃப் ஸ்டைல்கள், வரிகள் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே கோட்டில் அமர்வதற்கான அடிக்கோட்டுக் கட்டம், நீண்ட தமிழ்ச் சொற்களால் வரிக்கு நடுவே ஓட்டை விழாதபடி பலமுறை அச்செடுத்துப் பார்த்து முடிவு செய்த சொல் இடைவெளி என வாரக்கணக்கான உழைப்பு முழுவதும் இருக்கிறது. பழைய உரையை அழித்துவிட்டுப் புதிய உரையைக் கொட்டினால், அதே அளவுள்ள அடுத்த புத்தகம் பாதி தயாராகிவிடும். அவருக்குத் தேவைப்பட்டது அதுதான் என்பது எனக்குப் பிறகே விளங்கியது.

ஃபைல் போன மறுநாளிலிருந்து என் அழைப்புகளை அவர் எடுப்பது குறைந்தது. அச்சு முடிந்ததும் பணம் என்றவர், பின்னர் விற்பனை தொடங்கியதும் தருவதாகச் சொன்னார். அதன் பிறகு, "உங்க லேஅவுட்ல நிறைய தப்பு இருக்குன்னு வாசகர்களே சொல்றாங்க, அதைப் பேசாம பணம் கேக்குறீங்களே" என்று என் மீதே திரும்பினார். எனக்குப் பிரதி அனுப்பவில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கித்தான் பார்த்தேன்.

வாசகர்கள் சொன்னது உண்மைதான். நான்கு சொற்களை மாற்றுவதாகச் சொன்னவர்கள் ஓர் அத்தியாயத்தையே புதிதாகச் சேர்த்து, புத்தகத்தை 288 பக்கமாக்கியிருந்தார்கள். அந்த அத்தியாயத்தை வேர்டிலிருந்து அப்படியே ஒட்டியதால், தமிழ் எழுத்துகள் சரியாக அமைவதற்காக என் ஸ்டைல்களில் நான் வைத்திருந்த வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற இன்டிசைன் அமைப்பு அந்தப் பத்திகளுக்குப் பொருந்தவில்லை. விளைவாக, எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. பதினைந்து பக்கங்களில் 'பெண்' என்ற சொல் ஓரிடத்தில்கூடச் சரியாக அச்சாகவில்லை. தாளையும் தடிமனாக மாற்றியிருந்தார்கள், ஆனால் அட்டை 13.6 மி.மீ. முதுகுக்கு நான் செய்துகொடுத்ததேதான். ஆகவே முன்னட்டையின் நீலம் நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு முதுகில் வழிந்து, முதுகில் இருந்த தலைப்பு ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. இத்தனைக்கும் நடுவே, நூல் விவரப் பக்கத்தில் அட்டை, உள்வடிவமைப்பு என்பதற்கு நேரே என் பெயர் மட்டும் பிழையில்லாமல் அச்சாகியிருந்தது. பணம் வராததைவிட அதுவே அதிகம் வலித்தது, ஏனென்றால் அடுத்த வாடிக்கையாளர் என் வேலையை எடைபோடுவது அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான்.

சில மாதங்கள் கழித்து அதே பதிப்பகத்தின் வேறு இரண்டு புத்தகங்களைப் பார்த்தேன். அத்தியாயத் தொடக்கத்தில் வைப்பதற்காக நான் கையால் வரைந்து ஸ்கேன் செய்த ஆறிதழ்ப் பூ ஒன்றில், ஓரிதழ் மற்றவற்றைவிடச் சற்றுக் குட்டையாக இருக்கும். அந்தக் குட்டை இதழோடு அதே பூ இரண்டிலும் இருந்தது. அவற்றில் ஒன்றின் அட்டை, தம்மிடமே இருக்கட்டும் என்று அவர் வாங்கி வைத்துக்கொண்ட மாதிரிகளில் ஒன்று. இணையத்தில் அவர்கள் இலவசமாகக் கொடுத்த மாதிரி அத்தியாயத்தின் பிடிஎஃப்பில் ஆவணத் தகவலைத் திறந்து பார்த்தால், ஆசிரியர் என்ற இடத்தில் நான் முதல் புத்தகத்துக்கு நிரப்பிவைத்த என் பெயர் அப்படியே கிடந்தது. அதைப் படமெடுத்து அனுப்பிய மறுநாள் அந்தப் பிடிஎஃப்பை இணையத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.

1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், படைப்பைப் பதிவு செய்யாமலே பதிப்புரிமை பிறந்துவிடும் என்பதை நண்பர் ஒருவர் நினைவூட்டினார். அது சரிதான். ஆனால் என்ன ஒப்புக்கொண்டோம் என்பதற்கு ஒரு கடிதம்கூட இல்லாத நிலையில், வழக்குக்கு ஆகும் செலவு வர வேண்டிய தொகையைத் தாண்டிவிடும் என்று வழக்கறிஞர் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

இப்போது வேலை தொடங்கும் முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பதில் வந்த பிறகுதான் கையை வைக்கிறேன். பாதித் தொகை முன்னால், மீதி அச்சுக்கான பிடிஎஃப்புக்கு முன்னால் என்பதும், எத்தனை சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் பக்கத்துக்கு எவ்வளவு என்பதும், தேர்வாகாத மாதிரிகள் என்னுடையவை என்பதும் அதில் இருக்கும். பார்வைக்கு அனுப்பும் அட்டைகள் குறைந்த தெளிவில், குறுக்கே 'மாதிரி' என்ற எழுத்தோடுதான் போகும். ஓப்பன் ஃபைல் கேட்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மறுபதிப்புக்காக அதைக் கேட்கும் நேர்மையான பதிப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எழுத்துரு நீங்கலாகத் தனி விலையில் கொடுக்கிறேன். ஃபைல் கைமாறிய பிறகு உள்ளே எதையாவது மாற்றினால் என் பெயரை நீக்கிவிட வேண்டும் என்ற வரியையும் இந்த அனுபவத்துக்குப் பிறகு சேர்த்திருக்கிறேன்.

அந்தப் பதிப்பகத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றாவதற்கு மட்டும் பதில் வந்தது. இரண்டாம் பதிப்பில் என் பெயரை எடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள், பணத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.