‘ஆர்மி ஒரிஜினல்’ ஏர் லைன் கிட் என்று நம்பி 68,500 ரூபாய் போனது: பழைய ராணுவ லாரி வைத்திருப்பவர்கள் படியுங்கள்

முந்தாநாள் மத்தியானம் கொல்லிமலை இறக்கத்தில் நானும் என் மச்சானும் செத்திருக்க வேண்டியவர்கள். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் லாரிக்குப் போலி பிரேக் ஏர் லைன் விற்ற ஆளுக்கு நாளைக்கு இன்னொருவர் பணம் அனுப்பிவிடக் கூடாது. எனக்குப் போனது 68,500 ரூபாய். என்னவெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களிடம் இருப்பது ராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட ஸ்டாலியன் வண்டி. ஏலத்தில் எடுத்த வியாபாரியிடமிருந்து நாங்கள் வாங்கினோம். செம்மேட்டைத் தாண்டி எஸ்டேட்டுக்குள் போகும் மண் பாதையில் சாதாரண லாரி ஏறாது. ஃபோர் வீல் டிரைவ் வேண்டும். அதற்காகவே வாங்கினது. எஞ்சின், கியர்பாக்ஸ், டயர் எல்லாம் நன்றாக இருந்தன. கெட்டுப்போயிருந்தது பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ஏர் லைன் மட்டும்தான். வருஷக்கணக்கில் யார்டில் நின்ற வண்டி என்பதால் ரப்பர் ஹோஸ்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. நைலான் டியூபை இரண்டு இடத்தில் எலி கடித்திருந்தது. போதாததற்கு, யார்டில் தூக்கும்போது சங்கிலியைச் சேஸிஸ் ஓரமாகப் போட்டு இழுத்ததில் பின்பக்கம் போகும் இரும்பு பைப்புகள் நசுங்கிக் கிடந்தன.

ஏர் நிற்கவில்லை என்றால் இந்த வண்டி நகரவே நகராது. பின் சக்கரத்தில் இருப்பது ஸ்பிரிங் பிரேக். உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருக்கும், ஏர் போய்த் தள்ளினால்தான் விடும். அதனால் முதல் வேலை ஏர் லைன்.

சங்ககிரியில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஏர் பிரேக் வேலை மட்டுமே பார்ப்பவர். அவரிடம் முதலில் கேட்டோம். “வண்டியக் கொண்டாந்து நிறுத்திட்டுப் போ கண்ணு, ஒவ்வொண்ணா அளவெடுத்துப் பண்ணணும், மூணு வாரம் ஆகும்” என்றார். காப்பி எடுப்பு நடக்கிற நேரம். மூட்டைகள் மேலே கிடக்கின்றன. மூன்று வாரம் எங்களால் பொறுக்க முடியவில்லை. அந்த அவசரம்தான் எங்களை ஏமாற வைத்தது.

ஒரு ஆன்லைன் விற்பனைத் தளத்தில் பழைய ராணுவ வண்டிகளின் உதிரி பாகம் விற்கும் ஒரு கடை. தினமும் வீடியோ போடுவார்கள். மச்சான்தான் காட்டினார். நம்பருக்கு அடித்தேன். எடுத்தவர் அவ்வளவு பக்குவமாகப் பேசினார். வண்டியின் வருஷம், சேஸிஸ் நம்பரின் கடைசி எண்கள், எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது, டேங்க் எத்தனை, எல்லாம் கேட்டார். தெரிந்தவன்தான் இப்படிக் கேட்பான் என்று நினைத்தேன். தான் ராணுவத்தில் ஈ.எம்.இ. பிரிவில் பதினாறு வருஷம் வண்டி வேலை பார்த்ததாகச் சொன்னார்.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ காலில் வந்தார். பச்சைப் பெயின்ட் அடித்த மரப்பெட்டி, மேலே வெள்ளையில் அச்செழுத்து நம்பர். மூடியைத் திறந்தால் உள்ளே கிரீஸ் தடவிய பழுப்புத் தாளில் சுற்றின பைப்புகள். ஒன்றைப் பிரித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். “அண்ணா, இது டிப்போ ஸ்டாக். சீல் உடைக்காதது. கடையில விக்கிற சரக்கு இல்ல. பிரேக் விஷயம் அண்ணா, உங்க வீட்ல புள்ளைங்க இருக்கும், நான் பொய் சொல்ல மாட்டேன்” என்றார். பக்கத்தில் நின்ற என் மனைவிகூட, “இவ்வளவு சொல்றாரு, வாங்கிடுங்க” என்றாள். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. என் பிள்ளைகளின் பெயரைச் சொல்லித்தான் அவன் என்னை நம்ப வைத்தான்.

முழு கிட்டும் ஆள் வந்து மாட்டிக் கொடுப்பதும் சேர்த்து 68,500. முன்பணம் 40,000, வேலை முடிந்ததும் 28,500. அந்தத் தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள், நேராக யூ.பி.ஐ.யில் போடுங்கள் என்றார். போட்டேன். போன வருஷ மிளகுப் பணம் அது.

பத்து நாள் கழித்து இரண்டு பையன்கள் வந்தார்கள். மரப்பெட்டி வரவில்லை, அட்டைப்பெட்டிதான் வந்தது. கேட்டதற்கு “பெட்டி வெயிட்ண்ணா, அதான் மாத்தி போட்டோம்” என்றார்கள். டியூபை ஆக்சா பிளேடால் அறுத்தார்கள். தூள் உள்ளே போகாதா என்று கேட்டேன், ஏர் விட்டால் வெளியே வந்துவிடும் என்றான். டேஷ்போர்டுக்குக் கீழே, ஏர் குறைந்தால் கத்தும் பஸ்ஸரின் ஒயரைக் கழற்றிப்போட்டான். அதற்கும் கேட்டேன். “பழைய வண்டியில அது சும்மா கத்திக்கிட்டே கெடக்கும்ண்ணா” என்றான். சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணினார்கள். ஏர் மீட்டரின் முள் மெதுவாக ஏறி 8 கிலோ அழுத்தத்தில் நின்றது. ஏர் நிரம்பியதும் மிச்சத்தை வெளியே விடும் அன்லோடர் ‘புஸ்’ என்று விட்டது. ஹேண்ட் பிரேக்கை எடுத்ததும் வண்டி நகர்ந்தது. எங்களுக்கு இருந்த சந்தோஷத்தில் அங்கேயே நின்றபடி 28,500 அனுப்பினேன். மொத்தம் 68,500 அவர்கள் கைக்குப் போய்விட்டது.

நாலு நாள் எஸ்டேட்டுக்குள்ளேயே காலியாக ஓட்டினோம். ஒன்றும் தெரியவில்லை. முந்தாநாள்தான் முதல் தடவையாகக் காப்பி மூட்டை ஏற்றிக் காரவள்ளிக்கு இறங்கினோம். அந்த மலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு என்பது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் அழுத்தியாக வேண்டும், ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொஞ்சம் ஏர் செலவாகும், அதை எஞ்சின் ஓடும்போது கம்ப்ரஸர் நிரப்பிக்கொண்டே வர வேண்டும். மேலேயிருந்து பதினைந்து, பதினாறு வளைவு வந்திருப்போம். எஞ்சின் பக்கமிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம். டயர் கல்லில் ஏறிவிட்டது என்று நினைத்தோம். மச்சான் அடுத்த வளைவில் அழுத்தினார், அதற்கடுத்த வளைவில் அழுத்தினார். பெடல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே மீட்டரைப் பார்த்தார். முள் 4 கிலோவில் நின்றது. அஞ்சு கிலோ வாக்கில் இறங்கும்போதே கத்தியிருக்க வேண்டிய பஸ்ஸரை அந்தப் பையன் கழற்றிவிட்டிருந்தான்.

முதல் கியரில் இருந்ததால் தப்பித்தோம். மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுக்கி, மிச்சமிருந்த ஏரில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டார். ஸ்பிரிங் பிடித்தது. நான் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போட்டேன். அப்புறம் பத்து நிமிஷம் இரண்டு பேரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை.

சங்ககிரிப் பெரியவர்தான் நேற்று நேரில் வந்து பார்த்தார். நாங்கள் அவரை விட்டுவிட்டு வேறு இடம் போனதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கம்ப்ரஸரிலிருந்து வெளியே வரும் முதல் லைனைத் தொட்டுக் காட்டினார். பலூன் மாதிரி உப்பி வெடித்திருந்தது. கம்ப்ரஸர் அழுத்தி வெளியே தள்ளும் காற்று கொதிக்கக் கொதிக்க வரும், அந்த இடத்தில் உலோக பைப்போ ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸோதான் இருக்க வேண்டும், நல்ல பிரேக் நைலானைக்கூட அங்கே போடக் கூடாது என்றார். எங்களுக்குப் போட்டிருந்தது நைலான்கூட இல்லை. பேக்டரி மெஷின்களுக்குப் போடும் நீல நிறப் பாலியூரித்தேன் டியூப், அதற்கு மேல் கறுப்பு உறை. விரலால் மடக்கினால் மடங்குகிறது.

அவர் பையிலிருந்து சரியான டியூப் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார். கை வைத்தவுடனேயே வித்தியாசம் தெரிந்தது. விறைப்பாக இருக்கிறது. அதன் மேல் நெடுகிலும் அளவும் தர எண்ணும் அச்சடித்திருக்கிறது. எங்கள் டியூபில் ஒரு எழுத்துகூட இல்லை. ஜாயின்ட்டுகளைக் கழற்றினார். டியூபின் வாய்க்குள் வைக்க வேண்டிய சின்னப் பித்தளைக் குழல் எதிலுமே இல்லை. அது இல்லாவிட்டால் நட்டை இறுக்கும்போது டியூப் நசுங்கும், நாளாவட்டத்தில் அதிர்வில் உருவிக்கொண்டு வரும். வெட்டின வாய் கோணல். பிரேக் வால்வைத் திறந்தபோது உள்ளே வால்வு உட்கார்ந்து மூடும் சீட்டில் டியூப் தூள் ஒட்டியிருந்தது, அதனால்தான் விடாமல் கசிந்திருக்கிறது. புதுசு என்று சொன்ன இரும்பு பைப்புகளைச் சுரண்டினார். பச்சைப் பெயின்ட்டுக்குக் கீழே துரு. ஏதோ ஒரு பழைய வண்டியிலிருந்து கழற்றி, நிமிர்த்தி, பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். “மொத்தச் சாமானும் பத்தாயிரம் பெறாது கண்ணு” என்றார். நாங்கள் கொடுத்தது 68,500.

சைலன்சருக்கு ஒரு சாண் பக்கத்தில் போன இன்னொரு டியூப் இளகத் தொடங்கியிருந்தது. அது பின் பிரேக் லைன்.

நேற்று காலையிலிருந்து அந்த ஆளைக் கூப்பிடுகிறேன். முதல் தடவை எடுத்தார். வெடித்த டியூபைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். “ஓவர்லோடு ஏத்திருப்பீங்கண்ணா” என்றார். லோடுக்கும் கம்ப்ரஸர் லைனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதும், டெக்னிக்கல் டீம் பேசுவார்கள் என்று வைத்துவிட்டார். மத்தியானம் வேறு நம்பரிலிருந்து ஒரு பெண் பேசினாள். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா, எடுக்கவில்லை என்றால் கிளெய்ம் கிடையாது என்றாள். மாட்டினதே உங்கள் ஆட்கள்தானே அம்மா என்றேன். அவர்கள் எங்கள் ஸ்டாப் இல்லை, வெளி ஆட்கள் என்றாள். சாயங்காலம் மச்சான் போனிலிருந்து அடித்தோம். “சார் மீட்டிங்ல இருக்காரு.” அண்ணா என்று அழைத்தவர் ராத்திரி எட்டு மணிக்கு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பில் என்று அனுப்பியிருந்த தாளை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. எண் இல்லை, விலாசம் இல்லை, “ஏர் பைப் செட்” என்று ஒரே வரி, கீழே 68,500.

தளத்துக்கும் புகார் போட்டேன். பணம் தங்கள் வழியாகக் கட்டப்படாததால் தாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரிப் பதில். அவ்வளவுதான். கமிஷன் மிச்சம் என்று அந்த ஆள் சொன்னது எதற்காக என்று இப்போது புரிகிறது.

68,500 ரூபாயைக் கஷ்டப்பட்டாவது திரும்பச் சம்பாதித்துக்கொள்வேன். பணத்துக்காக மட்டும் எழுதவில்லை. டிவியோ போனோ விற்று ஏமாற்றினால் பணம்தான் போகும். இது பிரேக். மலை இறங்குகிற வண்டி, முன்னால் பஸ்ஸில் நாற்பது பேர் போவார்கள் என்று தெரிந்தே அந்த டியூபைக் கறுப்பு உறைக்குள் ஒளித்து வைத்து விற்றிருக்கிறான். அதை என்னால் மன்னிக்க முடியாது.

விவரமாகச் சொல்வதாக ஆரம்பத்தில் எழுதினேன், நேரமில்லை, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ‘டிப்போ ஸ்டாக்’, ‘ஆர்மி ஒரிஜினல்’ என்ற வார்த்தையைக் கேட்டுக் கேள்வி கேட்பதை நிறுத்திவிடாதீர்கள், நான் அப்படித்தான் நிறுத்தினேன். டியூபின் மேல் அச்சு இல்லை என்றால் பிரேக்குக்கு வாங்காதீர்கள். கம்ப்ரஸர் லைனில் எந்தப் பிளாஸ்டிக்கும் வேண்டாம். ஆக்சா பிளேடு எடுத்தால் வேலையை நிறுத்துங்கள். பஸ்ஸரைக் கழற்ற விடாதீர்கள். 8 கிலோ ஏறியதைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, பெடலை அழுத்திப் பிடித்து, முள் இறங்குகிறதா என்று நாலைந்து நிமிஷம் பாருங்கள், ஜாயின்ட்டுக்கெல்லாம் சோப்புத் தண்ணி அடியுங்கள், எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். ஸ்பிரிங் பிரேக் சேம்பரை மட்டும் நீங்களே திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஆளையே கொன்றுவிடும். ஆன்லைனில் பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் 1930க்கு அடியுங்கள், நுகர்வோர் உதவிக்கு 1915. நான் 1930க்கு இன்று காலைதான் அடித்தேன், ஏமாந்தது தெரிந்த அன்றே அடித்திருக்க வேண்டும்.

இதை எழுதும்போதே மச்சான் போனைக் காட்டுகிறார். அந்தக் கடை ஒரு மணி நேரத்துக்கு முன்னால் புது வீடியோ போட்டிருக்கிறது. அதே பச்சை மரப்பெட்டி, அதே வெள்ளை நம்பர், வலது பக்க மூலையில் அதே உடைசல். கீழே யாரோ ஒருவர் விலை கேட்டிருக்கிறார். அது நீங்களாக இருந்தால், பணத்தைப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். வெடித்த டியூப் என்னிடம்தான் இருக்கிறது, படம் அனுப்புகிறேன்.