ஆயிலில் உலோகத்தூள்: லேப் டெஸ்ட்டா, பில்டரை வெட்டிப் பார்ப்பதா?

எஞ்சினைப் பிரிக்காமல் உள்தேய்மானத்தைக் கண்டுபிடிக்கப் பலரும் கையாளும் வழிகள் மூன்று: காந்த டிரெயின் பிளக் (ஆயில் வடிக்கும் துளையை அடைக்கும், முனையில் காந்தம் உள்ள திருகு), ஆயில் சாம்பிளின் லேப் டெஸ்ட், கழற்றிய ஆயில் பில்டரை வெட்டிப் பார்ப்பது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பில்டரை வெட்டுங்கள்.

காந்த பிளக் இருந்தால் நல்லதுதான். முனையில் மை போலக் குழைந்து படிவது சாதாரணம். ஊசியாகவோ சில்லாகவோ ஒட்டினால் கவலைப்பட வேண்டும். ஆனால் பேரிங்கின் ஈயம், செம்பு, பிஸ்டனின் அலுமினியம் எதுவும் அதில் ஒட்டாது.

லேப் ரிப்போர்ட்டின் பலம் வேறு. இரும்பு கூடினால் லைனரோ (சிலிண்டரின் உள்சுவர்) கேமோ (வால்வைத் திறக்கும் தண்டு), குரோமியம் என்றால் பிஸ்டன் ரிங், சிலிக்கான் ஏறினால் ஏர் பில்டர் வழியே தூசி, சோடியம் ஏறினால் கூலன்ட் கசிவு என்று பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில் சந்தேகிக்க இடம் தரும். சிக்கல் துகளின் அளவில். லேபில் உலோகங்களை அளக்கும் வழக்கமான ஐசிபி கருவி ஆயிலைப் பிளாஸ்மா எனும் மிகச் சூடான வாயுவில் ஆவியாக்கித்தான் அளக்கிறது. சுமார் 5 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகள் சரியாக ஆவியாகாது, கணக்கிலும் வராது. மெதுவான தேய்மானம் தரும் நுண்தூளை அது அழகாகப் பிடிக்கும். பேரிங் உரியும்போது விழுவதோ கண்ணுக்கே தெரிகிற சில்லு. அது பில்டர் தாளில் மாட்டிக்கொள்ளும், சாம்பிள் பாட்டிலுக்கு வராது. ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்த எஞ்சினும் பேரிங்கைத் தின்றுகொண்டிருக்கலாம்.

பில்டரை ஒரு இரவு கவிழ்த்து வடியவிட்டு, உருளும் பிளேடு உள்ள பில்டர் கட்டரால் திறக்கவும். ஹாக்ஸா (இரும்பறுக்கும் ரம்பம்) வேண்டாம், அதன் தூளே ஆளை ஏமாற்றும். மடிப்புத் தாளை இரு முனையிலும் கத்தியால் அறுத்தெடுத்து, வைஸில் இறுக்கி ஆயிலைப் பிழிந்து, விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காந்தத்துக்கு வருவது இரும்பு. வராத கறுப்புத் துணுக்கு நகத்தில் நசுங்கினால் கார்பன். வெள்ளிப் பளபளப்பாக, காந்தத்துக்கு வராமல் இருந்தால் சூடான சால்டரிங் அயர்னால் தொடவும்: ஈயமும் வெள்ளீயமும் உருகும், அலுமினியம் உருகாது. அலுமினிய பேரிங் போட்ட எஞ்சினில் மட்டும் இந்தச் சோதனை பிஸ்டனையும் பேரிங்கையும் பிரித்துக் காட்டாது.

எத்தனை சில்லு வரை பொறுக்கலாம் என்பதற்குப் பொதுக் கணக்கு கிடையாது. புது எஞ்சினின் முதல் பில்டரில் கொஞ்சம் மினுமினுப்பு இருக்கத்தான் செய்யும். அடைபட்ட பில்டரில், ஆயிலை வடிகட்டாமலே விடும் பைபாஸ் வால்வு திறந்து சில்லு தாளைத் தொடாமல் போய்விடுவதும் உண்டு.

லேபுக்கும் அனுப்புவதாக இருந்தால், ஓடிச் சூடான ஆயிலை முதலில் சிறிது வடியவிட்டு, நடு ஓட்டத்தில் பிடியுங்கள். ஆயில் ஓடிய மணியோடு டாப்-அப் ஊற்றிய லிட்டரையும் எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் புது ஆயில் கலந்து பிபிஎம் இறங்கியதை எஞ்சின் தேறிவிட்டதாக எண்ணிக்கொள்வோம்.