சித்திரை வெயிலில் குதிரைச் சவாரி முகாம்: பிள்ளையை அனுப்பலாமா?

வவுனியாவுக்கு வடக்கே, ஏ9 வீதியை விட்டு உள்ளே போனால் வரும் குதிரைச் சவாரி முகாமுக்கு இந்தச் சித்திரை விடுமுறையில் மகளை அனுப்பியிருந்தேன். கேட்பவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன், தாராளமாக அனுப்பலாம். ஆனால் பிள்ளை நாள் முழுக்கக் குதிரை மேல்தான் இருக்கும் என்று நினைத்து அனுப்பாதீர்கள். விடிந்ததும் தொடங்கி எட்டரைக்குள் சவாரி முடிந்துவிடும், பிறகு வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்கு மேல் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். இந்தக் காசுக்கு இவ்வளவுதானா என்று சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். எனக்கு இந்த இடம் பிடித்ததே அந்தக் கண்டிப்புக்காகத்தான்.

புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கும், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றும் இன்னும் தொடங்கியிராது, பத்து மணிக்கே வெறுங்காலோடு முற்றத்தில் இறங்க முடியாது. அந்த வெயிலில் ஹெல்மெட்டைப் போட்டுப் பிள்ளையை ஏற்றிவிட்டால் பிள்ளை வாடுவது கண்ணுக்குத் தெரியும். கீழே நிற்கிற குதிரை அதைவிட வேகமாகச் சூடேறுவது பலருக்குத் தெரிவதில்லை. அவ்வளவு பெரிய தசைகளில் உண்டாகும் சூடு வெளியேற அதன் தோல் பரப்பு காணாது, வியர்த்துத்தான் ஆற வேண்டும். மழைக்கு மூட்டம் போட்டுப் புழுங்குகிற பின்னேரங்களில் அந்த வியர்வையும் உலராது. அதன் வியர்வையில் எங்களுடையதைவிட உப்பு அதிகம் என்பதால் வெறும் தண்ணீரும் போதாது. ஆகவே எந்த முகாமுக்குப் போனாலும் லாயத்தில் உப்புக்கட்டி வைத்திருக்கிறார்களா என்று ஒருக்கால் எட்டிப் பாருங்கள். இங்கே ஒவ்வொரு தடுப்பிலும் இருந்தது, நக்கி நக்கி நடுவில் குழி விழுந்திருந்தது.

லாயம் கிடுகு வேய்ந்தது. தகரம் போட்டால் மத்தியானத்தில் உள்ளே நிற்கவே முடியாது என்று பொறுப்பாக இருக்கும் அண்ணை சொன்னார். குழாய்க்கிணறு இருக்கிறது, தொட்டிகள் எப்போதும் நிரம்பியிருந்தன. சும்மா நிற்கிற குதிரையே ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது லீற்றர் குடிக்கும், வெயிலில் வேலை செய்தால் அது இரண்டு மடங்குக்கு மேலும் போகலாம். தண்ணீர் பவுசர் வரும் வரை பார்த்திருக்கிற இடத்தில் இந்த வேலை சரிவராது.

சவாரி முடிந்த பிறகு நடப்பதைத்தான் நான் வேலியில் சாய்ந்து நின்று பார்த்தேன். பிள்ளை இறங்கியதும் சேணத்தைக் கழற்றி, நிழலில் நிறுத்தி, கழுத்து, நெஞ்சு, தொடை என்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு தரம் நனைத்துவிட்டு விடவில்லை, மூச்சு தணியும் வரை விடாமல் ஊற்றினார்கள். பிறகு வெப்பமானியை வாலுக்கடியில் வைத்துப் பார்த்தார்கள், பிள்ளைகள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு 38 பாகை செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும் என்று என் மகள் இப்போது வீட்டில் எல்லாருக்கும் பாடம் எடுக்கிறாள். குதிரையின் உதட்டைத் தூக்கி, முரசை (பல் ஈறை) விரலால் அழுத்தி, வெளிறிய இடம் இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்கிறதா என்று பார்க்கவும் பழகிவிட்டாள். சிவக்கச் சுணங்கினால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கலாம், உடனே பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். குதிரை ஏறப் பழகுவதைவிட இது பெரிய படிப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

நுவரெலியாவிலிருந்து புதிதாகக் கொண்டுவந்த ஒரு பெண் குதிரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே இல்லை. மலைக் குளிரில் நின்றது இந்தச் சூட்டுக்குப் பழக இரண்டு மூன்று கிழமையாவது வேண்டும், அதுவரை காலையில் நடத்திக்கொண்டு போவது மட்டும்தான் என்றார்கள். அதனால் ஆள் கூடி, குதிரை குறைந்து, பிள்ளைகள் முறை வைத்து ஏற வேண்டியிருந்தது. ஒரு தகப்பன் இதற்காகச் சத்தம் போட்டார். அண்ணை குரலை உயர்த்தாமல், "இண்டைக்கு ஏத்தினா நாளைக்கு அது விழும், பிள்ளையோட விழும்" என்றார். அவர் பக்கம்தான் நியாயம். இன்னொரு பின்னேரம் தூரத்தில் இடி முழங்கியதும் எல்லாரையும் இறக்கிக் கட்டடத்துக்குள் கொண்டுபோனார்கள், கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் ஆகும் வரை வெளியே விடவில்லை. சித்திரை மாத மின்னல் இங்கே எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

பிள்ளைகளின் கவனிப்பும் நல்லதே. தாகம் எடுக்கும் வரை விடாமல் நேரத்துக்கு நேரம் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், மோர், பத்து மணிக்கு வத்தகப்பழம். மருந்துப் பெட்டியில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புப் பைக்கற்றும் இருந்தது. மத்தியானம் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, பிறகு புளிய மரத்தடியில் படுக்கை.

குறை இரண்டு இருக்கிறது. கடைசி நாள் பெற்றோருக்குச் செய்து காட்டுகிற நிகழ்ச்சியைப் பின்னேரம் மூன்றரைக்கு வைத்தார்கள். அத்தனை நாளும் கட்டிக்காத்த ஒழுங்கை அன்றைக்கு மட்டும் ஏன் விட்டார்கள்? தூரத்திலிருந்து வந்தவர்கள் இருட்ட முதல் வீடு போக வேண்டும் என்பது சரி, அப்படியென்றால் காலை ஏழு மணிக்கு வையுங்கள், நாங்கள் வருவோம். ஒரு சின்னப் பெடியனுக்குத் தலை சுற்றி நிழலில் கிடத்த வேண்டி வந்தது. அண்ணையிடம் நேரிலேயே சொன்னேன், அடுத்த முறை மாற்றுவதாகச் சொன்னார். மற்றது ஹெல்மெட். எண்ணிக்கை குறைவு, ஒருவர் கழற்றியதை வியர்வையோடு மற்றவர் போட வேண்டியிருக்கிறது, சின்னத் தலைகளுக்கு ஆடுகிறது. தாடை வாரை இறுக்கியும் ஆடுகிற ஹெல்மெட்டோடு பிள்ளையை ஏற்ற விடாதீர்கள், வேறு அளவு கேளுங்கள்.

முழுக்கைப் பருத்திச் சட்டை, நீளக் காற்சட்டை, குதி வைத்த மூடிய சப்பாத்து கொடுத்துவிடுங்கள். குதி இல்லாவிட்டால் கால் அங்கவடிக்குள் (சேணத்தில் கால் வைக்கும் வளையத்துக்குள்) வழுக்கிப்போய் மாட்டிக்கொள்ளும். ஹெல்மெட்டுக்கு உள்ளே கட்ட மெல்லிய துணி நாலைந்து வைத்துவிட்டால் வியர்வைப் பிரச்சினையும் பாதி குறையும். ஆவணி விடுமுறைக்கும் நடத்துகிறார்களாம், இடம் குறைவு என்பதால் முதலே பதிந்துவிடுங்கள்.