குன்னூர் ஈரத்தில் வீட்டு ஜிம்: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

சாமான் பட்டியல் முதலில். ஏழடி ஒலிம்பிக் ராட் (பிளேட் மாட்டும் இரும்புத் தண்டு, 20 கிலோ), ரப்பர் பூசிய பிளேட் 100 கிலோ, ராடைத் தாங்கும் ஸ்குவாட் ரேக், சாய்வு மாற்றும் பெஞ்ச், நட்டால் இறுக்கும் ஸ்பின்லாக் டம்பெல் ஒரு ஜோடி, மிதித்தால் விசிறி சுற்றும் ஃபேன் பைக். அறை 10-க்கு 12 அடி. இடம் குன்னூர், அதாவது வடகிழக்குப் பருவமழை நின்று அடிக்கும் பக்கம். மூன்று மழைக்காலம் தாண்டியதில் முதலில் கெட்டது ராட். ரேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, போல்ட் தலைகள் மட்டும் பழுப்பேறின.

'துருவே பிடிக்காது' என்று விற்கப்படும் குரோம் ராட் முதல் வருஷம் பளபளவென்றுதான் இருந்தது. இரண்டாவது அக்டோபரில் கைப்பிடிச் சொரசொரப்பின் வரிகளுக்குள் காப்பித்தூள் நிறத்தில் புள்ளிகள் விழுந்தன. குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. வியர்வை உப்பு அதன் வழியே இறங்கி அடியிலுள்ள இரும்பைத் தின்னும். பிறகு பூச்சு செதில் செதிலாக உரிந்து உள்ளங்கையைக் கீறும். துத்தநாகப் பூச்சு சீக்கிரம் மங்கினாலும் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். மலைக்கு அது தேவலை. கையில் பணம் இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராட் வாங்கி, பிளேட்டில் 20 கிலோ குறைத்துக்கொள்ளலாம். எடையைப் பிறகு சேர்க்கலாம், உரிந்த ராடை ஒன்றும் செய்ய முடியாது. பூச்சே இல்லாத ராட் இங்கே வேண்டவே வேண்டாம்.

மழை நின்றால் துருவும் நிற்கும் என்று எண்ண வேண்டாம். டிசம்பர் காலையில் அறை 10 டிகிரியில் இருந்தால் இரும்பும் அதே குளிரில் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் பயிற்சி செய்தால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வேர்ப்பதுபோல் ராடும் பிளேட்டும் வேர்க்கும். விரலால் தடவினால் கோடு விழும். அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனால் துருவுக்கு நாமே வழி விட்டதாகும்.

பயிற்சி முடிந்ததும் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. பிடி வழுக்காமலிருக்கக் கையில் பூசும் சாக்பொடி வரிகளில் அடைந்திருக்கும், அதை நைலான் பிரஷ்ஷால் தள்ளி, காய்ந்த துணியால் ராடை முழுக்கத் துடைக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாரம் ஒரு முறை, மற்ற மாதங்களில் மாதம் ஒரு முறை, துணியில் தையல் மெஷின் எண்ணெய் நாலைந்து சொட்டு விட்டுத் தேய்த்து, மிச்சத்தை வேறு துணியால் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கை வழுக்கும். பிளேட் மாட்டும் இரு முனைகளும் சுழலும் இடுக்கிலும் மாதம் ஒரு சொட்டு விட்டால் உள்ளே இறுகாது. தேங்காய் எண்ணெய் மட்டும் கூடாது. இங்கே பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும் எண்ணெய், வரிக்குள் போய் மெழுகாகி தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்தது அறை. சரிவில் கட்டிய வீடுகளில் மேட்டுப் பக்கச் சுவர் மண்ணை ஒட்டி நிற்கும். கோடையிலும் அதில் ஈரம் கசியும். பெரும்பாலும் அந்த ரூம்தான் சும்மா கிடக்கும், ஜிம்முக்கும் அதைத்தான் ஒதுக்குவார்கள். வேறு ரூம் இல்லையென்றால் ரேக்கை அந்தச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். பழைய கல், சுண்ணாம்புச் சுவர்களில் புல்-அப் பார் அடிக்காதீர்கள், ஆணி பிடிக்காது. சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று மாட்டினால் அறையின் யோக்கியதை தெரியும். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. மூடுபனியில் ஜன்னலைத் திறக்காமல், வெயில் வந்த நாளில் 11 முதல் 2 மணி வரை திறந்து வைக்க வேண்டும். அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிடும் ஊட்டி வழக்கம் டம்பெல் வைத்த பெட்டிக்கும் பொருந்தும். ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கினால் கம்ப்ரசர் வகை குளிரில் திணறும். ஈரம் உறிஞ்சும் பொருளைக் கொண்டு வேலை செய்யும் டெசிகன்ட் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

உயரமும் அளக்க வேண்டியதுதான். 450 மி.மீ. பிளேட் மாட்டிய ராடை ஐந்தே முக்கால் அடி ஆள் தலைக்கு மேல் தூக்கினால் எட்டடி தேவை. தாழ்ந்த தகரக் கூரை வீட்டில் அந்தப் பயிற்சியை உட்கார்ந்து செய்ய வேண்டியதுதான். அகலத்தில், ராட் 12 அடி வாக்கில் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேட் மாட்ட இடிக்கும்.

தரைக்கு 18 மி.மீ. மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்), மேலே 10 மி.மீ. ரப்பர். ரப்பரை நேராகச் சிவப்புத் தரையில் விரித்தால் ஒரே மாதத்தில் அடியில் பூஞ்சை பூத்து நாற்றமெடுக்கும். பிளைக்குக் கீழே இரண்டடிக்கு ஒரு மரச்சட்டம் வைத்துக் காற்று போக விட்டால் சரியாகும். மரத்தளம் போட்ட பழைய பங்களாக்களில் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து ராடைத் தூக்கும் பயிற்சி) செய்யும்போது ராடைக் கீழே போடவே கூடாது.

ஃபேன் பைக்கில் ஒரு வேடிக்கை. அதன் இறுக்கம் காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. ஊட்டியில், சுமார் 2,240 மீட்டரில், காற்று கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லேசு. அதே வேகத்துக்குக் குறைந்த உழைப்பே ஆகும். சக்கர வேகத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் திரை, எரிக்காத கலோரியையும் சேர்த்துக் காட்டும். ஆனால் மூச்சு வாங்குவது அதிகம். ஐந்து தடவைக்குள் முடியும் கனத்த செட்டில் வித்தியாசம் தெரியாது. இருபது தடவை போகும் செட்டில் தெரியும். கோவையிலிருந்து வந்து தங்குகிறவர்கள் முதல் இரண்டு, மூன்று வாரம் செட்டுக்கு இடையே ஒரு நிமிடம் கூடுதலாக ஓய்வெடுக்கலாம்.

டிரெட்மில் பட்டியலில் இல்லாததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, வாசலைத் தாண்டினாலே ஏற்றம்.

பெஞ்சில் பி.யூ. (பாலியூரிதேன்) செயற்கைத் தோல் உறை ஈரத்தில் பிசுபிசுத்து உரியும், தடித்த பி.வி.சி. ரெக்சின் நிற்கும். ஸ்பின்லாக் டம்பெலின் நட்டை ஒரு மாதம் தொடாமல் விட்டால் மரையோடு இறுகிக்கொள்ளும். வாரம் ஒரு தடவை கழற்றி, மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லேசாகத் திருகி வைத்தால் போதும்.